பந்தை எறிகிற கை

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், சான் டியேகோ ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அகலமான மணற்பரப்பு ஒன்று உண்டு. ஓஷன் பீச் பகுதியின் வடக்கு முனையிலுள்ள அந்தக் கரையை ஊரார் 'டாக் பீச்' என்பார்கள். நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட 1972-இல் அனுமதி கிடைத்த இடம் அது. அமெரிக்காவில் இப்படி அதிகாரபூர்வமாகத் திறந்துவிடப்பட்ட முதல் சில கடற்கரைகளில் ஒன்று. கைப்பைக்குள் அடங்கும் சிவாவாவும் கன்றுக்குட்டி உயர கிரேட் டேனும் அங்கே ஒரே அலையில் நனைகின்றன. கயிறு மனிதரின் தோளில் தொங்கும். கையில் பெரும்பாலும் ஒரு பந்து இருக்கும்.

இத்தகைய கடற்கரைகளுக்குப் போகிறவர்கள் முதலில் அஞ்சுவது மற்ற நாய்களின் பல்லுக்கு. அது வீண் பயமல்ல. ஆனால் உப்பு, வெயில், நீரோட்டம், கரையொதுங்கிய மீன் ஆகியவையும் அங்கே காத்திருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குப் பொதுவான ஒரு காரணம் உண்டு. ஓடும் நாய்க்குக் களைப்பு வராமல் இல்லை. ஆனால் பந்து பறக்கும்வரை அது களைப்பைப் பொருட்படுத்தாது. சுட்டு வீழ்த்திய பறவையை நீரில் நீந்தி எடுத்துவரவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட லேப்ரடார் போன்ற இனங்களில் இந்தத் துடிப்பு இன்னும் அதிகம். 'போதும்' என்ற முடிவை எடுக்க வேண்டியது பந்தை எறிகிறவர்தான்.

உப்பின் கணக்கு

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் சமையல் உப்பான சோடியம் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 27 கிராம். நாய் தாகத்துக்காகக் கடல்நீரைக் குடிப்பது ஒரு வழி. அதைவிடக் கவனத்துக்குத் தப்புவது, பந்தைக் கவ்வும்போது கூடவே உள்ளே போகும் நீர். வாயைப் பிளந்து உருண்டையான பொருளைப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் சில மடக்கு இறங்கிவிடும். எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் சோடியம் குளோரைடு உள்ளே போனால் நச்சுக்குறிகள் தென்படலாம். 4 கிராம் அளவில் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு 20 கிராம் என்றால், முக்கால் லிட்டர் கடல்நீர். ஒரு பெரிய தண்ணீர் பாட்டில்கூட இல்லை. வெயிலில் ஏற்கெனவே நீரிழந்த நாய்க்கு இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

உள்ளே நடப்பது எளிய இயற்பியல். குடலுக்குள் உப்பு மிகுந்தால் அதை நீர்க்கச் செய்ய உடலிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. கடற்கரைக்குப் போய்வந்த நாய்க்கு நீராய் வயிற்றுப்போக்கு ஏற்படுவது இதனால்தான். அளவு இத்தோடு நின்றால் பெரும்பாலும் தானே சரியாகும். மீறினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, செல்களிலிருந்தும் தண்ணீரை வெளியே இழுக்கும். மூளைச் செல்கள் சுருங்கும்போது நாய் தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும். நாயின் சிறுநீரகம் மனிதருடையதைவிடச் செறிவான சிறுநீரை உருவாக்க வல்லது என்றாலும், ஒரு மணி நேரத்தில் குவிந்த உப்பை அதே வேகத்தில் வெளியேற்ற அதனால் முடியாது.

இந்த நிலையில் வீட்டு வைத்தியம் ஆபத்தானது. உயர்ந்த சோடியத்தைச் சட்டென்று இறக்கினால், சுருங்கிய மூளைச் செல்களுக்குள் தண்ணீர் பாய்ந்து மூளை வீங்கிவிடலாம். எந்த வேகத்தில் இறக்குவது என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பது மிக எளிது. வீட்டிலிருந்தே நல்ல தண்ணீரும் கிண்ணமும் கொண்டுபோக வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை நீரைவிட்டு வெளியே அழைத்து, நிழலில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். உருண்டைப் பந்துக்குப் பதில் தட்டையான மிதக்கும் பொம்மையைப் பயன்படுத்தினால் வாய் குறைவாகத் திறக்கும். உள்ளே போகும் நீரும் குறையும். மணலில் பந்தை உருட்டும்போதும் இதே கதைதான். ஈரப் பந்தில் ஒட்டிய மணல் வயிற்றுக்குப் போய், சிறுகுடலில் கெட்டியாகி வழியை அடைத்துவிடுவதுண்டு. எக்ஸ்ரேயில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

வியர்க்காத உடல்

மனிதத் தோல் முழுக்க வியர்வைச் சுரப்பிகள். நாய்க்கோ உடலைக் குளிர்விக்கும் வகையான சுரப்பிகள் பாதங்களில்தான் உள்ளன. அவற்றால் கிடைக்கும் குளிர்ச்சி அற்பம். அதன் முதன்மையான குளிர்விப்பான் நாக்கும் மூக்கும்தான். இரைக்கும்போது அந்த ஈரப் பரப்புகள் மீது காற்று ஓட, நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். அதனால், கடற்கரையில் வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே நெருக்கடியானது. அவற்றுக்கு வெயில் நேரத்துக் கடற்கரை ஏற்ற இடமே அல்ல.

கீழே மணல் வேறு. காய்ந்த மணல் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தாது; மேல்பரப்பிலேயே தேக்கிவைக்கும். கோடை நண்பகலில் அது 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். புறங்கையை ஐந்து விநாடி மணலில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அலை நனைத்த மணலில் நடத்திச் செல்லலாம். அதைவிட நல்லது, காலையிலோ மாலையிலோ போவது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. அது 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். கட்டுக்கடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், அடர் சிவப்பாக மாறிய ஈறு, தடுமாறும் நடை ஆகியவை தென்பட்டால் உடனே இயங்க வேண்டும். ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவில், வெப்பத்தாக்கு ஏற்பட்ட நாய்களில் சுமார் ஐந்தில் ஒன்றுதான் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன்பே குளிர்விக்கப்பட்டிருந்தது. அவர்கள் வலியுறுத்திய வரிசை: முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று வீசச் செய்ய வேண்டும். ஊற்றுவதற்குக் கடல்நீரே போதும். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவிடக் கூடாது. அது சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

அலைக்குள் ஒரு ஆறு

அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் திரும்பிப் போக வழி தேடும். நீருக்கடியிலுள்ள மணல்திட்டில் ஓர் இடைவெளி கிடைத்தால் அதன் வழியே குறுகிய ஓட்டமாகக் கடலுக்குள் பாயும். இதைத்தான் இழுப்பு நீரோட்டம் என்கிறோம். கற்சுவர், பாறை, தூண்களின் ஓரத்திலும் இது உருவாகும். சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு 2.4 மீட்டர் வரை எட்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரைசேர முடியாது. வேடிக்கை என்னவென்றால், இருபுறமும் அலை உடைந்து நுரைக்கும்போது இந்த இடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரியும். விவரமறியாதவர் 'அலையில்லாத இடம்' என்று பந்தை அங்கேயே எறிவார்.

2012 நவம்பரில், வட கலிபோர்னியாவின் பிக் லகூன் கடற்கரையில் ஒரு நாய் குச்சியைத் துரத்தி அலைக்குள் போய் மாட்டிக்கொண்டது. அதைக் காப்பாற்ற 16 வயது மகன் இறங்கினான். அவனைத் தொடர்ந்து பெற்றோரும் இறங்கினார்கள். மூவரும் இறந்தார்கள். நாய் தானாகவே கரையேறிவிட்டது. இது விதிவிலக்கான நிகழ்வல்ல. நாயைத் தொடர்ந்து கடலில் இறங்கி மனிதர் மாண்டதும், நாய் பிழைத்ததும் பல கரைகளில் நடந்திருக்கிறது. நாய்க்கு நான்கு கால், தாழ்ந்த உடல், இயல்பான மிதப்பு. நின்றபடி அலையில் அடிபடும் மனிதருக்கு இவை எதுவும் இல்லை.

எனவே நாய் இழுத்துச் செல்லப்பட்டால் பின்னால் இறங்கக் கூடாது. ஓட்டம் இருக்கும் இடத்தைவிட்டு விலகிக் கரையோரமாக ஓடி, அங்கிருந்து உரக்க அழைக்க வேண்டும். குரலை நோக்கிப் பக்கவாட்டில் நீந்தும் நாய் ஓட்டத்திலிருந்து வெளியேறிவிடும். உயிர்காப்பாளர் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டையை நாய்க்கு அணிவிப்பது பெரிய பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் முன்பு, பந்தைக் கடலை நோக்கி எறியாமல் கரைக்கு இணையாக, முழங்கால் ஆழத்துக்குள் விழும்படி எறிந்தாலே பாதிச் சிக்கல் வராது.

ஆட்டமா, சண்டையா

இரண்டு நாய்கள் உறுமிக்கொண்டு ஒன்றன் மீது ஒன்று பாய்வதைப் பார்த்ததும் பதறத் தேவையில்லை. விளையாட்டிலும் கடி உண்டு. வித்தியாசத்தை நாய்களே ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்திப் பின்பாகத்தை உயர்த்தும் அந்த வணக்கத்தை, கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்காஃப் நுணுகி ஆராய்ந்தார். அவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது கண்டபடி வருவதில்லை. கடித்துத் தலையை உதறுவது போன்ற, தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய செயல்களுக்குச் சற்று முன்போ பின்போதான் அதிகம் வருகிறது. 'இது விளையாட்டுதான்' என்று ஒரு முறை உறுதி செய்துகொள்வதைப் போல.

நல்ல ஆட்டத்தில் துரத்துபவரும் துரத்தப்படுபவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இடையிடையே நின்று மூச்சு வாங்குவார்கள். பெரிய நாய் வேண்டுமென்றே மல்லாந்து விழும். இடைவெளியே இல்லாத துரத்தல், எப்போதும் ஒரே நாய் ஓடி ஒளிவது, விறைத்த உடல், மூடிய வாய், இமைக்காத பார்வை ஆகியவை எச்சரிக்கை. ஐயம் வந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. துரத்தும் நாயைச் சில விநாடி பிடித்து வையுங்கள். மற்றது திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் அது விரும்பி ஆடுகிறது. தப்பித்தோம் என்று விலகிப் போனால் ஆட்டம் முடிந்தது.

வாலை நம்பிவிட முடியாது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களைக் கொண்டு நடத்திய சோதனையில், உரிமையாளரைப் பார்த்தபோது வாலாட்டம் வலப்பக்கமும், மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைப் பார்த்தபோது இடப்பக்கமும் சாய்ந்தது. மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளில் முந்துவதன் விளைவு இது. இடப்பக்கம் சாயும் வாலைக் காணும் பிற நாய்களின் இதயத் துடிப்பு கூடுவதையும் 2013-இல் காட்டினார்கள். ஓடும் நாயின் வாலில் இந்த நுணுக்கம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. வாலை ஆட்டுகிற நாய் நட்பாகத்தான் இருக்கும் என்பது தவறு என்றறிந்தால் போதும்.

நாய்களின் எடையில் பெரும் வேறுபாடு இருக்கும்போது கூடுதல் கவனம் தேவை. கீச்சிட்டு ஓடும் சிறு நாய், பெரிய நாயின் வேட்டை உந்துதலைத் தூண்டிவிடலாம். ஓடிக் கத்தும் குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பந்தும் தின்பண்டமும் அந்நிய நாய்களுக்கு நடுவே சண்டைக்கு வித்து. கூட்டம் சேர்ந்தால் பந்தைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். சண்டை மூண்டால் வாய்க்கு நடுவே கையை விடாமல், தண்ணீர் வீசியோ பெரும் ஒலி எழுப்பியோ பிரிக்க முயல வேண்டும்.

கூப்பிட்டால் வராத நாயை இங்கே அவிழ்த்துவிடவே கூடாது. இதில் நாம் செய்யும் ஒரு பிழை உண்டு. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் அழைத்தால், அழைப்பு என்றால் ஆட்டத்தின் முடிவு என்று நாய் கற்றுக்கொள்ளும், பிறகு வராது. பத்து முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் ஏதாவது கொடுத்துத் திரும்ப ஓடவிட்டால், பதினோராவது முறையும் வரும். பயிற்சிக் காலத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு இதற்கு உதவும்.

கரையொதுங்கியவை

2009-இன் நடுப்பகுதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை ஒட்டிய கடற்கரைகளில் நாய்கள் திடீரென நோயுற்றன, சில இறந்தன. வாந்தி, தள்ளாட்டம், பிறகு தசை முடக்கம். காவ்த்ரான் ஆய்வு நிறுவனத்தார் தேடிக் கண்டுபிடித்தது டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சை. நம் மீனவர்கள் வலையில் சிக்கினால் தூக்கியெறியும் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. நியூசிலாந்தில் அது முன்பு அறியப்பட்டதே இல்லை. ஒரு நாயின் வாந்தியிலும், கரையொதுங்கிய சாம்பல்நிறக் கடல் நத்தைகளிலும் அது இருந்தது. ஓடில்லாத அந்த நத்தைகளைத்தான் நாய்கள் தின்றிருந்தன. நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை இந்த நஞ்சு அடைத்துவிடும். செய்தி போகாமல் தசைகள் செயலிழந்து, கடைசியில் மூச்சு நிற்கும். முறிமருந்து கிடையாது.

கலிபோர்னியாக் கரையில் கவலை வேறு. சூடோ-நிட்சியா என்ற நுண்பாசி பெருகும் காலங்களில் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு நெத்தலி, மத்தி வழியாகக் கடல் சிங்கங்களின் உடலில் சேர்கிறது. 2023-இலும் 2025-இலும் தெற்குக் கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கில் அவை வலிப்போடு கரையேறின. அந்த நிலையில் அவை அருகில் வருவோரைக் கடிக்கும். கடல் சிங்கங்களிடையே எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியும் பரவுவதுண்டு; நாய்க்கும் அது தொற்றும். கரையில் கிடக்கும் மீனோ, சிப்பியோ, உயிருள்ள விலங்கோ எதுவானாலும் பார்த்ததும் நாயைக் கயிற்றில் மாட்டிவிடுவதே முறை. 'விடு' என்ற ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படியும் பழக்கம் இங்கே உயிர் காக்கும்.

மணலின் மற்ற குடிகள்

கலிபோர்னியாக் கடற்கரைகளில் ஸ்னோவி பிளவர் என்ற சிறிய உப்புக்கொத்திப் பறவை மணலில் ஒரு சிறு குழி பறித்து முட்டையிடும். மணலின் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டைகளை மனிதக் கண் கவனிக்காமல் மிதித்துவிடும். 1993-இல் பசிபிக் கரையோரத்து இப்பறவைகளை அழியும் அபாயத்தில் உள்ளவையாக அமெரிக்க அரசு பட்டியலிட்டது. நாய் கடிக்க வேண்டியதில்லை, துரத்தினாலே போதும். தாய் எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். சாண்டா பார்பரா அருகே கோல் ஆயில் பாயிண்டில் 2001 முதல் மணலின் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து, நாய்களைக் கயிற்றில் வைக்கச் சொல்லித் தன்னார்வலர்கள் நின்றார்கள். பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் அங்கே பறவைகள் மீண்டும் குஞ்சு பொரித்தன. அவிழ்த்துவிடும் பகுதியின் எல்லைப் பலகை எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

நாயின் கழிவை அப்படியே விட்டுவிட்டால் மழையிலும் அலையிலும் கிருமிகள் கடலில் கலக்கும். ஆற்றுமுகத்தில் இருக்கும் டாக் பீச்சில் நகரத்து மழைநீரும் வந்து சேருகிறது. சான் டியேகோ மாவட்ட நிர்வாகம் மழைக்குப் பின் 72 மணி நேரம் கடல்நீரில் இறங்க வேண்டாம் என்று எச்சரிப்பது வழக்கம். அது நாய்க்கும் பொருந்தும். வெப்பமண்டலக் கரைகளில் இன்னொரு தொல்லை கொக்கிப்புழு. நாய்க்கழிவிலுள்ள முட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள மணலில் பொரிந்து, வெறுங்காலின் தோலுக்குள் லார்வாக்களாக நுழைந்து, நெளிந்த சிவப்புக் கோடுகளாய் அரிக்கும். சென்னையிலும் கொழும்பிலும் கடற்கரையில் செருப்பில்லாமல் நடப்போர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. வளர்ப்பு நாய்க்கு முறையாகப் புழு நீக்க மருந்து தருவதும் கழிவை எடுத்துப் போடுவதும் அந்தச் சங்கிலியை அறுக்கும்.

சென்னைக் கரையில் நாய்களைக் கயிறின்றி விடும் முன் நினைக்க வேண்டியவை வேறும் உண்டு. ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் அங்கே முட்டையிட ஏறிவருகின்றன. அந்த முட்டைகளைத் தோண்டித் தின்பவற்றில் நாய்களும் உண்டு. 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் பணியைச் செய்துவருவதற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் சுற்றும் தெருநாய்களோடு உங்கள் நாய் மோத நேரலாம் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். உங்களையே நாய் கடித்தாலோ, கீறினாலோ, காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடு திரும்பிய பின்

நல்ல நீரில் நாயைக் குளிப்பாட்டி உப்பையும் மணலையும் கழுவுங்கள். இல்லாவிட்டால் அது நக்கி நக்கி மீதி உப்பையும் விழுங்கும். காதுகளை உலர்த்துங்கள். பாதங்களின் நடுவே சிப்பித் துண்டோ தூண்டில் முள்ளோ இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்கள் கரையிலேயே தெரிவதில்லை. உப்பின் விளைவு சில மணி நேரத்திலும், மணல் அடைப்பு மறுநாளும் வெளிப்படலாம். அடுத்த ஒரு நாள் முழுக்க வாந்தி, உணவை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் வலி, தள்ளாட்டம், நடுக்கம் ஆகியவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். கடலில் எவ்வளவு நேரம் இருந்தது, எதைத் தின்றது, முதல் அறிகுறி எப்போது வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையோடு போனால், மருத்துவரால் உடனே சிகிச்சையைத் தொடங்க முடியும். கரையில் பந்தை எறிந்தவர் கண்ணையும் நாய்மீது வைத்திருந்தால்தான் அந்த விடைகள் அவரிடம் இருக்கும்.